நூறு பவுண் காரும் ஆறாயிரம் கிலோமீற்றரும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிளைமவுத் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு அந்நகரின் பெயரோடு ஒரு விசித்திரமான மோட்டார்ப் பயணம் தொடங்கியது. ஜூலியன் நோவில் என்ற பங்குத் தரகர் அதைத் தொடக்கி வைத்தார். பங்குபற்ற விரும்புவோர் ஒரு காரை வாங்க வேண்டும். ஆனால் அதன் விலை 100 ஸ்ரேலிங் பவுணைத் தாண்டக்கூடாது. (நகைக்கடைப் பவுணை நினைத்துவிட வேண்டாம், இது இங்கிலாந்தின் காசு.) பயணத்துக்குத் தயார்படுத்த இன்னொரு 15 பவுண் செலவழிக்கலாம். பிறகு பிரான்ஸ், ஸ்பெயின், மொரோக்கோ, மேற்கு சகாரா, மொரித்தானியா, செனகல் வழியாக ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் ஓட்டி, மேற்கு ஆபிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான கம்பியாவின் தலைநகர் பாஞ்சூலுக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் வந்தவருக்குப் பரிசில்லை. வழியில் கார் நின்றுபோனால் தூக்கிச் செல்ல ஆளுமில்லை. போய்ச் சேர்ந்த கார்கள் அங்கே ஏலத்தில் விடப்படும். கிடைக்கும் பணம் அந்நாட்டின் தர்ம நிறுவனங்களுக்குப் போகும்.

இவ்வாறான பயணங்களுக்குத் 'தர்ம ரலி' என்று பெயர் வைக்கலாம். ரலி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேகம், விலையுயர்ந்த வண்டி, தலைக்கவசம். இது அதற்கு நேர்மாறானது. உண்மையில் அப்படிப்பட்ட பணக்கார ரலியைக் கேலி செய்யவே இது பிறந்தது. தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1978 டிசம்பர் 26ஆம் திகதி பாரிஸ் நகரிலிருந்து தொடக்கிய பாரிஸ்–டக்கார் ரலி, சகாராவைக் கடந்து செனகலின் தலைநகருக்குப் போனது. கோடிக்கணக்கில் செலவழிக்கும் கம்பனிகள் பிற்காலத்தில் அதை ஆட்கொண்டன. ஏழைக் கிராமங்களின் ஊடாகப் புழுதி கிளப்பிப் பறந்த அந்த வண்டிகளில் மோதுண்டு, வேடிக்கை பார்த்து நின்ற சிறுவர்கள்கூட உயிரிழந்தார்கள். 2009இல் அது தென்னமெரிக்காவுக்கும் 2020இல் சவூதி அரேபியாவுக்கும் இடம் மாறியது. பெயர் மட்டும் இன்னும் டக்கார்தான். 'அதே பாலைவனத்தை ஓட்டைக் காரிலும் கடக்கலாமே, கடந்தபின் காரை அங்கேயே கொடுத்துவிட்டும் வரலாமே' என்பதே நோவிலின் யோசனை.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அந்த 100 பவுண். ஓடக்கூடிய ஒரு கார் எப்படி அந்த விலைக்குக் கிடைக்கிறது? வீட்டில் வாப்பாவிடமோ நானாவிடமோ கேட்டுப் பாருங்கள்: இருபத்தைந்து வருடப் பழைய மாருதி 800 இன்று என்ன விலை? இலட்சங்களில்தான் பதில் வரும். கூடவே ஒரு பெருமூச்சும் வரும். 2020 மார்ச்சில் நம் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிட்டது. இடையிலான ஐந்து வருடங்களில் பழைய வண்டிகள் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. தகரம் துருப்பிடிக்கப் பிடிக்க விலை ஏறும் அதிசயத்தைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

இங்கிலாந்தில் கணக்கு வேறு. அங்கே மூன்று வயதைத் தாண்டிய ஒவ்வொரு காரும் வருடத்துக்கொரு முறை தகுதிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அடித்தகட்டில் துரு, பிரேக்கில் கோளாறு, புகையில் குறை என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினால் கராஜுக்குப் போக வேண்டும். அங்கே பாஸ்பபாகங்களைவிட வேலையாளின் கூலி அதிகம். ஒரு நாள் வேலைக்கான கூலி, காரின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே இயந்திரம் நன்றாக ஓடினாலும் அந்தக் கார் அந்நாட்டில் செத்துப்போன கார். பழைய இரும்புக்காரனிடம் கொடுப்பதே வழி.

இங்கே கூலி குறைவு, உலோகம் விலை அதிகம். பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத உதிரிப்பாகம் குறைவு. கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வார்கள். ஒரு சுவையான உதாரணம் சொல்கிறேன். மொரிஸ் மைனர் என்ற பிரித்தானியக் கார் 1948இல் வெளிவந்தது. உற்பத்தி நின்றுபோய் வருடங்கள் சென்றபின், அக்காரைப் புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயர், அதற்கான பாகங்களைச் செய்ய 1990களின் தொடக்கத்தில் தேடி வந்தது இலங்கைக்குத்தான். பிரித்தானியக் காருக்கு இலங்கையில் தட்டிச் செய்த தகடு, இங்கிலாந்தின் பாத் நகரத்துக் கராஜுக்குக் கப்பலேறியது. பழைய கார் எங்கே உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆக, தர்ம ரலியின் இரகசியம் இந்த விலை வித்தியாசத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் குப்பையாய்க் கிடக்கும் பொருள் இன்னோரிடத்தில் சொத்து. அதை அங்கிருந்து இங்கு கொண்டுவருவதே ஓட்டுநர்கள் செய்யும் வேலை. கப்பல் கூலிக்குப் பதிலாகத் தங்கள் விடுமுறையையும் முதுகெலும்பையும் கொடுக்கிறார்கள்.

முதுகெலும்பு என்று சொன்னது சும்மா அல்ல. மேற்கு சகாராவிலிருந்து மொரித்தானியாவுக்குள் நுழையுமிடத்தில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சில கிலோமீற்றர் நிலம் இருந்தது. அக்காலத்தில் பாதை என்று ஒன்றிருக்கவில்லை. பழைய யுத்தத்தின் கண்ணிவெடிகள் அம்மண்ணில் இருந்ததால், முன்னே போன வண்டியின் டயர்த் தடத்தை விட்டு விலக முடியாதிருந்தது. அதன் பிறகு மணல். புதையும் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், கம்பளத் துண்டையோ தகட்டையோ அடியில் போட வேண்டும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டருக்குக் குடிநீரை ஊற்றுவதா, தாம் குடிப்பதா என்ற கேள்வியும் வரும்.

நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தின் பாட்டன் என்று சொல்லத்தக்கது 1907இல் நடந்தது. பாரிஸ் நகரின் 'லெ மத்தான்' என்ற பத்திரிகை, பீக்கிங்கிலிருந்து பாரிஸ்வரை காரில் வரக்கூடியவர் உண்டா என்று சவால் விட்டது. ஜூன் 10ஆம் திகதி ஐந்து வண்டிகள் புறப்பட்டன. பாதைகளில்லை, பெற்றோல் நிலையங்களில்லை. எரிபொருளை முன்கூட்டியே ஒட்டகங்களில் அனுப்பி வழிநெடுக வைத்திருந்தார்கள். இத்தாலிய இளவரசர் போர்கேசேயின் 'இத்தாலா' கார் ஆகஸ்ட் 10ஆம் திகதி பாரிஸை அடைந்து வென்றது. நான்கு வண்டிகள் போய்ச் சேர்ந்தன. சேராத அந்த ஒன்று எது தெரியுமா? மூன்று சக்கர வண்டி! 'கொன்தால்' என்ற அந்த முச்சக்கர வண்டி கோபிப் பாலைவனத்தில் சிக்கிக் கைவிடப்பட்டது. அதில் வந்தவர்கள் அருந்தலாய் உயிர் தப்பினார்கள். நம் ஊர் முச்சக்கர வண்டிக்காரர்கள் இதைக் கேட்டால் வண்டியையல்ல, ஓட்டியவரையே குறை சொல்வார்கள்.

வெற்றி இளவரசரின் பெயரில் எழுதப்பட்டது. வழி முழுக்க அதிகமாக ஓட்டியதும் உடைந்ததையெல்லாம் திருத்தியதும் அவருடைய மெக்கானிக் எத்தோரே கிசார்டி. இரண்டு வருடங்களின் பின் அமெரிக்காவில் இவ்விரு வேலையையும் ஒருவரே செய்தார். அலிஸ் ராம்சே, வயது 22. 1909இல் நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவரை 59 நாட்களில் காரோட்டிச் சென்ற முதற் பெண். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது. பதினொரு டயர்களை மாற்றினார், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், சேற்றில் புதைந்த காரை மீட்டெடுத்தார். கார் கம்பனியொன்றின் விளம்பரத்துக்காக நடந்த பயணம்தான் அது, தர்மத்துக்காக அல்ல. ஆனாலும் நம் மாணவிகள் அறிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். வாகனம் ஓட்டப் பழகும் பெண் பிள்ளைகளுக்கு டயர் மாற்றவும் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்?

பிளைமவுத் கார்களுக்குத் திரும்புவோம். அவை முதலில் போகவிருந்த இடம் டக்கார். ஆனால் பழைய கார்களை உள்ளே விடுவதற்குச் செனகல் கட்டுப்பாடு விதித்திருந்தது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார் அந்நாட்டில் விற்பனைக்கு வரக்கூடாது. ஆகவே எல்லைக்கோடு பாஞ்சூலுக்கு மாறியது. செனகலை அவை கடந்து போக மட்டுமே முடிந்தது. கம்பியாவிலோ இன்னொரு சிக்கல். அங்கே வீதியின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். இங்கிலாந்துக் கார்களில், நம்முடையவை போலவே, ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரையே கொண்டுவருமாறு ஏற்பாட்டாளர் கேட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அப்படியொரு காரை, அதுவும் நூறு பவுணுக்குத் தேடிப் பிடிப்பதே முதற் போட்டி.

இது சிறு விடயம்போலத் தெரியும். என் பார்வையில் தர்ம ரலியை எடைபோட இதுவே சரியான தராசு. கொடுப்பவர் தன் கையில் உள்ளதைத் தள்ளிவிடுகிறாரா, வாங்குபவருக்கு எது பயன்படும் என்று விசாரித்துக் கொடுக்கிறாரா? இடப்பக்க ஸ்டியரிங் தேடி அலைந்தவர் விசாரித்தவர். பாஞ்சூலில் வண்டியை வாங்குபவர் அதை வாடகைக் காராக ஓட்டிக் குடும்பம் நடத்தக்கூடும். வாங்கிய பணம் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ மருந்தகத்துக்கோ போகும். ஒரே கார் இரண்டு தரம் உதவுகிறது.

அடுத்த வருடம், 2004இல், இன்னொரு ரலி தொடங்கியது. உலகெங்கும் பெயர் பெற்றது அதுதான். மொங்கோல் ரலி. ஐரோப்பாவிலிருந்து மொங்கோலியாவரை, ஏறக்குறைய 16,000 கிலோமீற்றர். முதல் வருடம் ஆறு குழுக்கள் புறப்பட்டன, நான்கு போய்ச் சேர்ந்தன. இதில் விலைக்கு அல்ல, இயந்திரத்துக்கே எல்லை: ஒரு லீற்றருக்கு மேற்படக்கூடாது. நம் மாருதி 800இன் இயந்திரம் 796 சிசி. தாராளமாய்த் தகுதி பெறும். சந்தைக்குப் போய்வரச் செய்த குட்டிக் காரில் பாதி உலகைக் கடப்பதே வேடிக்கை. எந்த வழியால் போவது என்பதும் அவரவர் விருப்பம். ஒவ்வொரு குழுவும் குறைந்தது 1,000 பவுண் தர்மத்துக்குத் திரட்ட வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. அதில் பாதி மழைக்காடுகளைக் காக்கும் ஓர் அமைப்புக்கு, மீதி குழு விரும்பும் தர்மத்துக்கு. இது போக, பங்குபற்றுவதற்கான கட்டணம் தனி. அது ரலியை நடத்தும் கம்பனிக்கு.

தொடக்க வருடங்களில் கார்கள் மொங்கோலியாவில் ஏலம் விடப்பட்டு, பணம் அங்குள்ள பிள்ளைகளுக்கான வேலைத்திட்டங்களுக்குப் போனது. சிலர் சிறு காரை விட்டுவிட்டு அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஓட்டிப் போனார்கள். அவை ஏலத்துக்கு வராமல் நேரே வேலைக்குப் போகக்கூடியவை. நம் மொழியில் சொன்னால் ஸதகா ஜாரியாவுக்கு நெருங்கியது.

ஆனால் வருடந்தோறும் நூற்றுக்கணக்கான கார்கள் வரத்தொடங்கினால் என்ன நடக்கும்? பத்து கார் வந்தால் அன்பளிப்பு. முந்நூறு வந்தால் அது இறக்குமதி. குட்டிக் கார்களின் தாழ்வான அடிப்பாகம் மொங்கோலியாவின் கரடு பாதைக்குப் பொருந்தாது. அவற்றுக்கு அங்கே உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்காது. பழைய வாகனங்களுக்கான இறக்குமதிச் செலவும் விதிகளும் இறுகின. பின்னாளில் ரலியின் எல்லைக்கோடு மொங்கோலியாவை விட்டே விலகி, ரஷ்யாவின் உலான் உதே நகரத்துக்குப் போனது. பெயரில் மொங்கோலியா இருந்தது, கார் அங்கே தங்கவில்லை. அதோடு காரே அன்பளிப்பு என்ற முதல் எண்ணமும் போய்விட்டது. எஞ்சியது, நண்பர்களிடமும் உறவினரிடமும் திரட்டிய பணம் மட்டும்.

மொங்கோலியாவையோ செனகலையோ இதற்குக் குறை சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015 முதல் 2018 வரை உலகில் ஏற்றுமதியான பாவித்த சிறு வாகனங்கள் 1 கோடி 40 இலட்சம். அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் போயின. மிக அதிகமானவை ஆபிரிக்காவுக்கு. பலவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் பாகமே கழற்றப்பட்டிருந்தது, அதில் உள்ள பிளாட்டினத்துக்காக. பணக்கார நாடு தன் பரிசோதனையில் தள்ளிய புகை, ஏழை நாட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குப் போகிறது. 2021 தொடக்கத்திலிருந்து மேற்கு ஆபிரிக்க நாடுகளும் சேர்ந்து வாகனத்தின் வயதுக்கும் புகைக்கும் எல்லை வகுத்தன. நம் நாட்டிலும் பழைய வாகனத்தை நினைத்தபடி இறக்க முடியாது. அன்பளிப்பாக வந்தாலும் புகை புகைதான். நூறு பவுண் கார் செய்யும் நன்மையைக் கூட்டும்போது இந்தக் கழித்தலையும் போட வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த ரலி வேறு வேடம் பூண்டது: முச்சக்கர வண்டி. 2006இல் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை வெளிநாட்டவர் ஆட்டோ ஓட்டும் போட்டியொன்று தொடங்கியது. அதே வருட இறுதியில் மொங்கோல் ரலியை நடத்துவோர் கொச்சியிலிருந்து டார்ஜிலிங்வரை ஆட்டோப் பயணமொன்றை ஏற்பாடு செய்தார்கள். அரபிக்கடல் மட்டத்திலிருந்து இமயத்தின் அடிவாரத்து மலைவரை, மணிக்கு 50 கிலோமீற்றரைக் கஷ்டப்பட்டு எட்டும் வண்டியில்! இலங்கையில் போர் முடிந்ததை அடுத்த வருடங்களில் 'லங்கா சலஞ்ச்' என்ற பெயரில் வெளிநாட்டுக் குழுக்கள் முச்சக்கர வண்டிகளில் நாட்டைச் சுற்றத் தொடங்கின. வண்ணம் பூசிய வண்டி, வேடமணிந்த ஓட்டுநர், வழியில் கிராமத்துப் பிள்ளைகளின் கையசைப்பு. தர்மத்துக்கென்று ஒரு தொகையும் உண்டு.

இங்கே நம் மனம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். அக்குறணையில் ஆறாம் மைலில் நின்று பார்த்தால் அவ்வளவும் இந்த வீதியிலேயே நிற்பதுபோலத் தோன்றும்! அவற்றின் பின்னால் லீசிங் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக வண்டிக்குள்ளேயே படுத்துறங்கியவர்கள் அவர்கள். கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். ஒருவருக்கு அது சாப்பாடு, இன்னொருவருக்கு விடுமுறை விளையாட்டு. இந்தப் பயணங்களில் வண்டி அன்பளிப்பும் அல்ல; முடிந்ததும் அது ஏற்பாட்டாளரிடம் திரும்பிப் போகிறது. ஆகவே பிளைமவுத் காரில் இருந்த அந்த இரட்டைப் பயன் இங்கே இல்லை.

என்றாலும் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனமில்லை. முச்சக்கர வண்டியில் போகிற வெளிநாட்டவர், குளிரூட்டிய பஸ்ஸில் போகிறவரைப்போல ஊரைக் கண்ணாடி வழியே பார்ப்பதில்லை. வண்டி நிற்கும். எங்கோ ஒரு சந்தியில், பெயர் தெரியாத ஒரு பாஸ் வந்து கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக் கொடுப்பார். காசு வேண்டாமென்று தேநீரும் கொடுப்பார். இவ்வகைப் பயணங்களில் யார் யாருக்கு உதவினார்கள் என்று கணக்கெடுத்தால், ஏழைக்கு உதவ வந்தவருக்கு ஏழை உதவிய பக்கம்தான் நீளமாயிருக்கும். இன்னொரு நல்ல வழியும் இப்போது இங்கே தோன்றியிருக்கிறது: உள்ளூர்க் குடும்பங்களின் வண்டிகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, வாடகையில் பங்கை உரிமையாளருக்குக் கொடுப்பது. அதற்குத் தர்மம் என்ற பெயரில்லை. வீடு தேடி வரும் வருமானம் என்ற வகையில் அது தர்மத்துக்குக் குறைந்ததுமல்ல.

தூரத்தைக் காட்டிப் பணம் திரட்டும் வேலையை நம் நாட்டவரே மிக அழகாகச் செய்து காட்டியதும் உண்டு, வாகனமே இல்லாமல். 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்ற நடைபயணம் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தது. 27 நாட்கள், 670 கிலோமீற்றர். போர் முடிந்து இரண்டே வருடங்களில், தெற்கின் முனையிலிருந்து வடக்கின் முனைக்கு, சகல இனத்தவரும் கூடி நடந்தார்கள். திரண்ட பணத்தில் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கான கட்டடம் எழுந்தது. 2016இல் அதே பயணம் எதிர்த்திசையில், வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்தது; இம்முறை காலி கராப்பிட்டியவின் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. நடந்தவர்கள் எவரும் தங்கள் செருப்பை ஏலம் விடவில்லை. ஆனால் எந்த ஊரில் என்ன குறை, எவ்வளவு பணம் வேண்டும், அது எங்கே கட்டடமாகும் என்பதைப் புறப்படும் முன்பே சொன்னார்கள்.

இங்கே வழக்கமாக எழும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. பெற்றோலுக்கும் விசாவுக்கும் விமான டிக்கற்றுக்கும் செலவழிக்கும் பணத்தை அப்படியே ஏழைக்குக் கொடுத்துவிடலாமே? கேட்க நியாயமாய்த்தான் இருக்கிறது. ஆனால் பயணம் இல்லாவிட்டால் அந்தப் பணம் வெளியே வந்திருக்காது. சொந்த விடுமுறைக்கு ஒதுக்கிய பணம் அது; விடுமுறைக்கே போயிருக்கும். இருபது வயது இளைஞன் 'கம்பியாவின் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தாருங்கள்' என்று மாமாவிடம் கேட்டால் மாமா கதவைச் சாத்துவார். 'ஓட்டைக் காரில் சகாராவைக் கடக்கப் போகிறேன், ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு தாருங்கள்' என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். மனிதர் இயல்பு அது. ஆகவே செலவைத் தர்மக் கணக்கில் எழுதாமல், தம் சந்தோஷக் கணக்கில் எழுதிக்கொள்கிறவரோடு எனக்குச் சண்டையில்லை. திரட்டிய பணத்திலிருந்தே பெற்றோல் அடிப்பவரோடுதான் சண்டை. நல்ல ரலிகள் இவ்விரண்டையும் வெவ்வேறு பெட்டியில் வைக்கின்றன.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு, காரின் நான்கு பக்கமும் 'நாங்கள் தர்மத்துக்காகப் போகிறோம்' என்று ஒட்டிக்கொண்டு போவது கூச்சமாகத்தான் இருக்கும். மறைவாகக் கொடுப்பதற்கு ஒரு சிறப்பு இருக்கிறது. பகிரங்கமாகக் கொடுத்து மற்றவரையும் தூண்டுவதற்கும் இடமிருக்கிறது. நிய்யத் எது என்பதைக் கொடுப்பவரும் படைத்தவனும் மட்டுமே அறிவார்கள்; வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரிவது கணக்குப் புத்தகம் மட்டும். அதனால் அதையாவது திறந்து வைக்க வேண்டும்.

இப்படியொரு பயணத்தை நம்மூரிலிருந்து யாரேனும் செய்ய நினைத்தால்? வெளிநாடு வேண்டாம். இலங்கைப் பாஸ்போட்டோடு மொங்கோலியாவரை விசா எடுப்பதற்குள் காரும் துருப்பிடித்துவிடும். நம் வாசலாலேயே ஏ9 வீதி போகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை 321 கிலோமீற்றர். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி என்று மூன்று இனத்தவரும் வாழும் ஊர்களைத் தொட்டுச் செல்லும் வீதி. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் தண்ணீர் புகும் ஒவ்வொரு தடவையும் சேறு அள்ளும் கஷ்டத்தை அறிந்தவர்கள் நாம். வன்னியில் வெள்ளத்தில் மிதக்கும் வீட்டுக்காரருக்கு நம்மிடமிருந்து ஒரு பழைய முச்சக்கர வண்டி போனால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

யோசிக்கத் தொடங்கியதும் சிறு சிறு கேள்விகள் வரிசையாய் வரும். வண்டியின் பதிவுப் புத்தகம் யார் பெயரில்? லீசிங் முடிந்ததா? வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் புதுப்பித்தாயிற்றா, அல்லது அந்தச் செலவு வாங்குபவர் தலையிலா? இரண்டு ஸ்ட்ரோக் வண்டியா, நான்கு ஸ்ட்ரோக் வண்டியா? இரண்டு ஸ்ட்ரோக் என்றால் அதன் பாகம் கிளிநொச்சியில் கிடைக்குமா? வாங்குபவரிடம் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கென்றால், அவர் ஓட்டப் பழக விரும்புகிறாரா, இல்லை வாடகைக்கு விடவா? இவற்றை எவரேனும் போய் அவரிடமே கேட்டார்களா?

பாஞ்சூலுக்குப் போன கார்களுக்கும் இதே கேள்விகள் இருந்தன. அங்கே போய்ச் சேர்ந்ததும் கொண்டாட்டத்துக்கு முன் நடப்பது சுங்க அலுவலகத்துக் கடதாசி வேலை: கார் எந்த ஓட்டுநரின் பாஸ்போட்டில் பதியப்பட்டதோ அந்தப் பதிவு நீங்காமல் அவர் நாட்டை விட்டு வெளியேறுவது சிக்கல். மூன்று வாரம் பாலைவனத்தில் தள்ளிவந்த காரின் சாவியை, வியர்வையும் புழுதியுமாய் வரிசையில் நின்று, ஒரு முத்திரை விழுந்த பிறகே கையளிக்க முடிகிறது. ஏலக்காரர் மணியடிப்பது அதற்குப் பிறகுதான்.